அறுபது ஹேர்ட்ஸ்: ஓர் அச்சத்தின் வரலாறு

ஒல்லாந்தர் யாழ்ப்பாணத் தீவுகளுக்குத் தம் ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள். வேலணைத் தீவு லைடன் ஆயிற்று, புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு றொட்டர்டாம். 1796இல் இலங்கையில் அவர்களது ஆட்சி முடிந்தது. காலப்போக்கில் அந்தப் பெயர்களும் பெரும்பாலும் வழக்கொழிந்தன. நெடுந்தீவுக்கு இட்ட டெல்ஃப்ற் என்ற பெயர் மட்டும் ஆங்கில வழக்கில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இட்டவன் போன பின்னும் பெயர் நிற்பதுபோல, காரணம் மறைந்த பின்னும் சில அச்சங்கள் நின்றுவிடுகின்றன. கணனித் திரை பற்றிய அப்படியோர் அச்சத்தின் வரலாறு இது.

ஊர்காவற்றுறையில் படிக்கும் மருமகனுக்குக் கணனி வாங்கப் பணம் அனுப்பவிருந்த நண்பர் ஒருவர் அண்மையில் என்னிடம் கேட்டார்: "60 ஹேர்ட்ஸ் திரை கண்ணைக் கெடுக்குமாம். 144 ஹேர்ட்ஸ் வாங்கினால்தான் பிள்ளையின் கண் தப்பும் என்கிறார்கள். உண்மையா?" இரண்டு திரைகளுக்கும் இடையிலான விலை வேறுபாடு, அந்தப் பிள்ளையின் பல மாத ரியூசன் காசு. ஆகவே கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியவில்லை.

திரை ஒரு செக்கனில் எத்தனை தடவை படத்தைப் புதிதாக வரைகிறது என்பதே இந்த ஹேர்ட்ஸ் கணக்கு. கணக்கின் தொடக்கம் சினிமாவில் இருக்கிறது. பேசும்படம் வந்தபோது செக்கனுக்கு 24 சட்டங்கள் என்பது நியமமாயிற்று. ஆனால் செக்கனுக்கு 24 தடவை மட்டும் ஒளி விழுந்தால் திரை கண்முன்னே துடிக்கும். எனவே ஒளியெறி கருவியில் சுழலும் மூடி, ஒவ்வொரு சட்டத்தையும் இரண்டு அல்லது மூன்று தடவை காட்டியது. படங்கள் 24, ஒளிக்கீற்றுகள் 48 அல்லது 72. அசைவை உணர்த்தத் தேவையான எண் வேறு, துடிப்பை மறைக்கத் தேவையான எண் வேறு. இந்த வேறுபாட்டை வாசகர்கள் மனதில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னால் வந்த குழப்பமெல்லாம் இதை மறந்ததால் வந்தது.

தொலைக்காட்சி தன் எண்ணைக் கண் மருத்துவரிடம் கேட்டுத் தீர்மானிக்கவில்லை, மின்நிலையத்திடம் கேட்டது. பிரித்தானியாவின் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், ஆகவே 1936இல் அங்கு தொடங்கிய உயர்தரத் தொலைக்காட்சியும் 50. அமெரிக்க மின்சாரம் 60, ஆகவே அங்கு 60. மின்சாரத்தின் மீடிறனும் (தமிழகத்தார் அதிர்வெண் என்பர்) திரையின் மீடிறனும் ஒத்துப்போகாவிட்டால், படத்தின் குறுக்கே கரும்பட்டை ஒன்று மெல்ல ஊர்ந்து செல்லும். 1979இல் தொலைக்காட்சியைக் கண்ட இலங்கை, பிரித்தானிய மரபில் 50ஐயே கொண்டிருந்தது.

தீவகத்தில் 1980களில் தொலைக்காட்சி பார்த்தவர்களுக்கு இதெல்லாம் புத்தக அறிவல்ல. தொலைக்காட்சியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, மின்சாரம் இல்லாத இடத்தில் ஜெனரேற்றரும் பூட்டி, விடிய விடிய மூன்று நான்கு படங்கள் ஓடிய காலம் அது. எஞ்சின் களைத்து வோல்ற்றேஜ் இறங்கினால் படம் சுருங்கும். மறுபடி மூச்சுப் பிடித்தால் விரியும். 1990இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டின் மின்சாரமே அறுந்தது. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்ட மக்களுக்கு, செக்கனுக்கு எத்தனை படம் என்பது கேள்வியே அல்ல.

அதே ஆண்டுகளில் புலம்பெயர்ந்தவர்களின் வீட்டுக்குள் இந்த எண் வேறொரு வடிவில் நுழைந்தது. ஊரில் எடுத்த கலியாண வீட்டுக் கசற் சுவிற்சர்லாந்திலும் ஜேர்மனியிலும் ஓடியது; ரொறன்ரோவில் ஓடவில்லை. ஐரோப்பா இலங்கையைப் போல 50, கனடா 60. கடையில் கொடுத்து மாற்றிய பின்னரே தங்கையின் தாலிகட்டைத் தமையன் பார்க்க முடிந்தது.

பின்னர் வந்தது கணனி. நமது அச்சம் பிறந்த இடம் இதுதான். அன்றைய கணனித் திரை, கண்ணாடிக் குழாய்த் திரை. உள்ளே பூசிய ஒளிர்பொருளில் மின்கதிர் பட்ட இடம் ஒரு கணம் ஒளிர்ந்து உடனே மங்கும். செக்கனுக்கு 60 தடவை அது ஒளிர்ந்து மங்கியபோது, வெள்ளைப் பின்னணியில் பலருடைய கண்கள் அந்தத் துடிப்பை உணர்ந்தன. 1990களின் பிற்பகுதியில் நான் வேலைபார்த்த செய்தி அறையில், இரவுப் பக்கங்களை முடித்து எழும்போது நெற்றியைப் பிடித்துக்கொண்டு எழாதவர்கள் குறைவு. ஒருநாள் கணனி திருத்த வந்த இளைஞர் எந்தப் பாகத்தையும் மாற்றவில்லை. அமைப்புப் பக்கத்தில் 60 என்றிருந்ததை 85 ஆக்கிவிட்டுப் போனார். நடுக்கம் நின்றது. அன்று 60 என்பது உண்மையிலேயே கண்ணுக்குப் பகை. அதை விட்டு மேலே போனது செலவில்லாத பெரும் பயன்.

அதன்பின் தட்டைத் திரை வந்தது. இதில் ஒளி பின்புறமிருந்து தொடர்ந்து வருகிறது. ஒரு படம் அடுத்த படம் வரும்வரை மங்காமல் நிற்கிறது. ஆகவே 60 ஹேர்ட்ஸ் தட்டைத் திரை, பழைய 60 ஹேர்ட்ஸ் குழாய்த் திரையைப் போலத் துடிப்பதில்லை. சில மலிவான திரைகள் வெளிச்சத்தைக் குறைக்கும்போது பின்னொளியை அணைத்து அணைத்து எரிப்பதுண்டு; அது உறுத்தலாம். ஆனால் அந்தக் குறை 144 ஹேர்ட்ஸ் திரையிலும் இருக்கலாம், ஹேர்ட்சைக் கூட்டுவதால் தீராது. திரைமுன் கண் எரிவதற்குப் பெரும்பாலும் காரணம், உற்றுப் பார்க்கையில் நாம் இமைக்க மறப்பது. அதற்கு மருத்துவர்கள் சொல்லும் வைத்தியம் 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பால், 20 செக்கன் பார்ப்பது. அதற்குக் காசு இல்லை.

அப்படியானால் 144 வெறும் ஏமாற்றா? அல்ல. அது துடிப்புக்கு மருந்தல்ல, அசைவுக்கு மெருகு. 60 ஹேர்ட்சில் ஒரு படம் 16.7 மில்லிசெக்கன் நிற்கிறது. ஓடும் பொருளைக் கண் பின்தொடரும்போது அந்த நிற்றல் மங்கலாகத் தெரியும். 120இல் அது 8.3, 144இல் 6.9, 240இல் 4.2. 60இலிருந்து 120க்குப் போனால் மிச்சம் 8.3 மில்லிசெக்கன், 144இலிருந்து 240க்குப் போனால் 2.8 மட்டுமே. முதற்படியைப் பலர் கண்டுகொள்வார்கள்; அடுத்த படியை வேக விளையாட்டுக்காரர் கண்டுகொள்ளலாம். 120க்கு இன்னொரு நன்மையும் உண்டு. 24 சட்டச் சினிமா அதில் ஐந்து ஐந்தாகச் சமமாகப் பிரியும். 60இல் அப்படிப் பிரியாது. கட்டுரை எழுதவும் பாடக் குறிப்பு வாசிக்கவும் இவை எதுவும் வேண்டியதில்லை.

விளையாட்டுக்கென வாங்கினாலும், திரை மட்டும் ஓடினால் போதாது. செக்கனுக்கு 144 படங்களை ஆக்கித்தரும் வரைகலை அட்டை வேண்டும், அதற்கு மின்சாரம் வேண்டும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் தேசிய மின்தொகுதியோடு இணையாமல் டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பியிருந்த தீவுகள். அவற்றுக்குக் காற்றும் வெயிலும் கொண்டு மின்சாரம் ஆக்க, இந்திய நன்கொடையில் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. சூரிய மின்சாரம் 1,700 கிலோவாற், காற்று மின்சாரம் 530 கிலோவாற். மூன்று தீவுகளுக்கும் சேர்த்தே இவ்வளவு. அத்தகைய இடத்தில் ஒவ்வொரு வாற்றுக்கும் மதிப்புண்டு.

நண்பருக்கு எழுதிய பதில் இதுதான். பிள்ளை படிக்கவும் எழுதவும் என்றால், நல்ல 60 அல்லது 75 ஹேர்ட்ஸ் திரை போதும். மிச்சக் காசில் மின்தடையைத் தாங்கும் யூபிஎஸ் ஒன்று வாங்குங்கள். விளையாட்டும் உண்டு, அட்டையும் வலுவானது என்றால், 120 அல்லது 144 பொருத்தம். அதற்கு மேலே போக வேண்டாம். வாங்கிய பின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் செய்தி அறைத் திரைகள் 85க்கு வல்லவையாக இருந்தும் 60இல் கிடந்ததுபோல, 144க்கு வாங்கிய திரைகள் பல இன்றும் 60இலேயே ஓடுகின்றன.