மூச்சின் அளவும் மனிதனின் நிறமும்

மூச்சை அளக்க முனைந்தோர் முன்னரும் இருந்தனர். எனினும் அதனை முறையான மருத்துவ அளவீடாக்கியவர் ஜோன் ஹட்சின்சன் என்னும் ஆங்கில மருத்துவரேயாவர். 1846இல் இலண்டனில் வெளியான அவரது ஆய்வுரை 2130 பேரின் மூச்சளவுகளை ஆதாரமாகக் கொண்டது. மாலுமிகள், பொலிஸார், தீயணைப்போர், மல்லர், வறியோர், கனவான்கள் எனப் பலதரத்தாரும் அவருடைய சுவாசமானியில் ஊதினர். நீரினுள் கவிழ்ந்திருக்கும் கலம், ஊதப்பட்ட வளியினால் மேலெழும். அது எழுந்த உயரமே வளியின் அளவைக் காட்டும். ஆழ இழுத்து முற்றாக வெளிவிடும் மூச்சிற்கு அவர் 'உயிர்க் கொள்ளளவு' என்று பெயரிட்டார். உயரம் ஓர் அங்குலம் கூட, அக்கொள்ளளவு எட்டுக் கன அங்குலம் கூடும் என்பது அவர் கண்ட விதி.

காசநோயை முன்னறிதலே அவரது பெருநோக்கம். அவர் ஆயுட் காப்புறுதிக் கம்பனியொன்றின் மருத்துவராகவும் இருந்தார் என்பது நோக்கற்பாலது. யார் நெடுநாள் வாழ்வார் என்பதை அறிய மருத்துவர் மட்டுமன்றி முதலீட்டாளரும் விரும்பிய காலம் அது.

கருவி அத்திலாந்திக்கைக் கடந்ததும் அதன் நோக்கமும் மாறியது. 1851இல் லூசியானாவின் சாமுவேல் கார்ட்றைற், கறுப்பின அடிமைகளின் மூச்சளவு வெள்ளையருடையதிலும் 20 சதவீதம் குறைவு என்றார். ஆகவே கட்டாய உழைப்பு அவர்களது இரத்தத்திற்கு நன்மையே எனவும் வாதிட்டார். உள்நாட்டுப் போரின்போது திரட்டப்பட்ட அளவீடுகளைக் கொண்டு பெஞ்சமின் கூல்ட் 1869இல் வெளியிட்ட நூல் இவ்வேறுபாட்டிற்குப் புள்ளிவிபர மதிப்பை அளித்தது. வறுமையும் வாழிடமும் வேலையும் கணக்கிற் கொள்ளப்படவில்லை.

இக்கருத்து நூலகத்துள் உறங்கியிருந்தாற் பரவாயில்லை. அது 'இனத் திருத்தம்' என்னும் பெயரில் இருபதாம் நூற்றாண்டின் கருவிகளுள்ளும் புகுந்தது. கறுப்பினத்தவருக்கு 10 முதல் 15 சதவீதமும், நம்மையொத்த ஆசியருக்கு 4 முதல் 6 சதவீதமும் எதிர்பார்ப்பளவு குறைக்கப்பட்டது. ஒருவரிடம் 4 லீற்றர் எதிர்பார்க்கப்பட, அவர் 3 லீற்றரே ஊதினால் அது 75 சதவீதம், நோய் ஐயுறப்படும். எதிர்பார்ப்பை 15 சதவீதத்தாற் குறைத்து 3.4 லீற்றராக்கினால், அதே மூச்சு 88 சதவீதமாகிச் 'சாதாரணம்' என்றாகிவிடும். ஆலைத் தூசியால் நுரையீரல் கெட்ட தொழிலாளி நட்டஈடு கோருமிடத்து இவ்வித்தியாசம் சிறியதன்று.

அமெரிக்க மார்புநோய்ச் சங்கம் இனஞ்சாராத சமன்பாடுகளைப் பரிந்துரைத்தது 2023இலேயே. இன்றும் நோயாளி மூக்கைக் கவ்வியால் அடைத்து, ஆழ மூச்செடுத்து, இயன்றவரை விரைவாக ஊதுகின்றார். குறைந்தது மூன்று முறை. வயது, உயரம், பால் ஆகியவற்றைக் கேட்டபின் இனத்தையும் கேட்பாராயின், எதற்கு என்று அவர் திருப்பிக் கேட்கலாம்.