ஓர்க்டாலில் துரத்திப் பிடிக்க ஆள் இல்லை

போன கிழமை தங்கச்சியும் நானும் 'ராட்சசன்' (2018) பார்த்தோம். அவளுக்கு இரண்டாம் தடவை. அப்படியிருந்தும் தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். முடிந்ததும், "நல்ல காலம் அண்ணா, நோர்வேயில இப்பிடி ஒருத்தரும் இல்லை" என்றாள்.

இருந்தார். துரொண்ட்ஹெய்மில் எங்கள் வீட்டிலிருந்து காரில் ஒரு மணித்தியாலம்கூட எடுக்காத ஓர்க்டாலில்.

பெயர் அர்ன்ஃபின் நெசெத். தாதியாகப் படித்தவர். அங்கிருந்த முதியோர் இல்லத்தின் பொறுப்பாளர்.

படத்தில் விஷ்ணு விஷால் துப்புகளைக் கோர்த்துக் கோர்த்துக் கொலைகாரனைத் துரத்துவார். ஓர்க்டாலில் அப்படித் துரத்த யாரும் இருக்கவில்லை. கொலை நடக்கிறது என்றே எவருக்கும் தெரியாது. 1977 தொடக்கம் 1980 வரை ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். எல்லோரும் வயதானவர்கள். "வயது போட்டுது, போய்ச் சேர்ந்திட்டார்." எங்கட செத்த வீடுகளிலும் இதைத்தானே சொல்கிறோம்?

1981இல் அந்தப் பகுதிச் செய்தியாளர் ஒருவருக்குத் தகவல் கிடைத்தது: இல்லத்தின் பொறுப்பாளர் கூராசித் என்ற மருந்தை அளவுக்கு மிஞ்சி வாங்குகிறார். சத்திரசிகிச்சையின்போது தசைகளைத் தளர்த்தக் கொடுக்கும் மருந்து அது. மூச்சு விடும் தசைகளையும் நிறுத்திவிடும். அதனால் அதைக் கொடுக்கும்போது சுவாச இயந்திரம் பக்கத்தில் இருக்கவேண்டும். முதியோர் இல்லத்தில் அதற்கு என்ன வேலை?

கணினி வேலை செய்கிற எனக்கு இந்த இடம்தான் பிடித்தது. துப்பாக்கியும் இல்லை, துரத்தலும் இல்லை. வாங்கிய மருந்துக் கணக்கில் பொருந்தாத ஒன்று, அவ்வளவுதான்.

ஆனால் கூராசித் உடம்பில் மிக விரைவாக உடைந்துபோகும். காலம் கடந்து தேடினால் தடயம் கிடைப்பது மிகக் கடினம். நாய்க்குக் கொடுக்க வாங்கினேன் என்று நெசெத் முதலில் சொன்னார். பிறகு 27 பேரைக் கொன்றதாக ஒப்புக்கொண்டார். பிறகு அதையும் மறுத்தார். வழக்கு துரொண்ட்ஹெய்மில் நடந்தது. 1983 மார்ச்சில் 22 கொலைகளுக்குக் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. தண்டனை 21 வருடம், அதற்குமேல் 10 வருடம் வரை தடுப்புக் காவல். 22 உயிருக்கு 21 வருடமா என்று தங்கச்சி கத்தினாள். அன்றைய சட்டத்தில் அதற்குமேல் கொடுக்க இடமில்லை.

இங்கிலாந்தில் ஹரோல்ட் ஷிப்மன் என்ற டொக்டரின் கதையும் இதே மாதிரித்தான். 2000இல் 15 கொலைகளுக்குத் தண்டனை பெற்றார். பின்னர் நடந்த விசாரணை, இறந்தவர்கள் 200க்கு மேல் என்றது. அவர்களிலும் பெரும்பாலானோர் வயதான பெண்கள்.

படம் ஓடும்போது அம்மா சோபாவில் நித்திரை. முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்து வந்தவர். நான் நெசெத்தின் கதையைச் சொல்லத் தொடங்கியதும் எழும்பிவிட்டார்.

"அந்த 22 பேரின்ட பெயர் உனக்குத் தெரியுமோ?" என்று கேட்டார்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நெசெத்தின் பெயர் மட்டும்தான் தெரிந்திருந்தது.