சிறுநீரக நோயில் இதய நுண்குழாய் அளவீடு

இதய நுண்குழாய் அளவீடு என்பது இதயத்தசைக்குள் ஓடும் மிகச் சிறிய இரத்தக்குழாய்களின் நிலையைக் கணித்தறியும் முறைகளைக் குறிக்கும். ஆஞ்சியோகிராமில் தெளிவாகத் தெரிபவை இதயத்தின் மேற்பரப்பில் உள்ள பெரிய தமனிகளே. அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த விட்டமுள்ள நுண்தமனிகளும் தந்துகிகளும் அதில் புலப்படுவதில்லை. நாட்பட்ட சிறுநீரக நோயில் பழுது பெரும்பாலும் இங்கேயும் நேர்கிறது. பெரிய தமனிகளில் அடைப்பில்லை என்று அறிக்கை வந்ததை வைத்து இத்தகைய நோயாளியின் இதயம் நலமாக இருப்பதாக முடிவுகட்டக் கூடாது.

இதற்கான வலுவான சான்று நுண்ணோக்கியின் வழியே கிடைத்தது. ஜெர்மனியில் கெர்ஸ்டின் அமான், எபெர்ஹார்ட் ரிட்ஸ் முதலியோர் 1998இல் வெளியிட்ட ஆய்வின்படி, டயாலிசிஸ் நோயாளிகளின் இதயத்தசையில் தந்துகி அடர்த்தி இயல்பில் ஏறத்தாழ பாதியே இருந்தது. உயர் இரத்த அழுத்தம் மட்டும் இருந்தவர்களிடம் இக்குறைவு இவ்வளவு இல்லை. ஆகவே இரத்த அழுத்தத்தை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. தசைநார்கள் தடிக்கும்போது தந்துகிகள் அதற்கு ஈடாகப் பெருகாததால், ஆக்சிஜன் கடக்க வேண்டிய தூரம் கூடுகிறது.

உயிருடன் இருப்பவரிடம் இரத்த ஓட்டத்தைக் கொண்டே நுண்குழாய்களின் நிலையைக் கணிக்க வேண்டியுள்ளது. அடினோசின் போன்ற மருந்தைச் செலுத்திக் குழாய்களை விரியச் செய்து, அப்போதைய உச்ச ஓட்டத்தை ஓய்வுநிலை ஓட்டத்தால் வகுக்கிறார்கள். பெட் (PET) ஸ்கேனில் இவ்விகிதம் 2க்குக் கீழே இருந்தால் பொதுவாகக் குறைபாடாகக் கொள்ளப்படுகிறது. அரை ஆயுள் 76 விநாடிகளே உள்ள ருபிடியம்-82 இதற்குப் பயன்படுகிறது. அயோடின் சாயம் தேவைப்படாதது சிறுநீரக நோயாளிக்குப் பெரிய நன்மை.

ஆனால் இந்த விகிதம் தவறான பொருள் தரவும் கூடும். இரத்தசோகை, உயர் இரத்த அழுத்தம், இதயத்தசைத் தடிப்பு ஆகியவை சிறுநீரக நோயாளிகளிடம் மிகுதி. இவை ஓய்விலேயே இரத்த ஓட்டத்தைக் கூட்டிவிடுகின்றன. வகுக்கும் எண் பெரிதாவதால், உச்ச ஓட்டம் குறையாமலேயே விகிதம் சரியலாம்.

இச்சிக்கலைப் பெரிதும் தவிர்ப்பது, வில்லியம் ஃபியரன் குழுவினர் 2003இல் அறிமுகப்படுத்திய நுண்குழாய்த் தடைக் குறியீடு. தமனிக்குள் செலுத்திய மெல்லிய கம்பியின் உதவியால், உச்ச ஓட்டத்தின்போது சலைன் கடக்கும் சராசரி நேரத்தை அங்குள்ள அழுத்தத்தால் பெருக்குகிறார்கள். 25ஐத் தாண்டினால் தடை மிகுதி என்று பொருள். கதீட்டரும் அயோடின் சாயமும் தேவைப்படுவது இதன் குறை.

எனவே சிறுநீரக நோயாளியின் பெட் அறிக்கை விகிதத்தை மட்டும் தந்தால் போதாது. ஓய்வுநிலை ஓட்டம், உச்ச ஓட்டம் இரண்டையும் தனித்தனியே குறிப்பிட வேண்டும்.