பல்லுக்கு எத்தனை வேர்?

'பல் போனால் சொல் போச்சு' என்பார்கள். ஆனால் வெளியே தெரியும் பல்லைவிட, ஈறுக்குள் ஒளிந்திருக்கும் வேர்தான் பல் மருத்துவர்களுக்குப் பெரிய புதிர்!

மேல் கடைவாய்ப்பல்லுக்கு மூன்று வேர், கீழ்க் கடைவாய்ப்பல்லுக்கு இரண்டு வேர் என்று பாடப்புத்தகம் சொல்லும். ஒவ்வொரு வேருக்குள்ளும் நரம்பும் ரத்தக்குழாயும் ஓடும் மெல்லிய குழாய் உண்டு. 'ரூட் கேனல்' சிகிச்சையில் இதைத்தான் சுத்தம் செய்து அடைக்கிறார்கள். ஒரு குழாய் கண்ணில் படாமல் போனால் கிருமி அங்கேயே தங்கிவிடும். வலி திரும்பி வரும், கடைசியில் பல்லையே பிடுங்க நேரும்.

இந்தக் குழாய்களை முதலில் எப்படி எண்ணினார்கள்? சூரிச் நகரின் வால்டர் ஹெஸ், பிடுங்கிய பற்களுக்குள் ரப்பரைச் செலுத்தி, பல்லைக் கரைத்து, மிஞ்சிய அச்சைப் பார்த்தார். 1917-ல் வெளியான அவரது ஆய்வு, குழாய்கள் நேர்க்கோடுகள் அல்ல, கிளைவிடும் கொடிகள் என்று காட்டியது. 1984-ல் அமெரிக்காவின் வெர்டூச்சி 2,400 பற்களில் சாயம் ஏற்றி, கண்ணாடி போலத் தெளிவாக்கி, குழாய் அமைப்பை 8 வகையாகப் பிரித்தார். இரண்டு முறைக்கும் பல்லைப் பிடுங்கியாக வேண்டும் என்பதுதான் சிக்கல்.

உயிருள்ளவர் வாயில் பார்க்க உதவியது எக்ஸ்ரே. 1895 நவம்பரில் ரான்ட்ஜன் அதைக் கண்டுபிடித்தார். அடுத்த சில வாரங்களில், 1896 ஜனவரியில், ஜெர்மனியின் ஓட்டோ வால்கோஃப் தன் வாயிலேயே கண்ணாடித் தகட்டை வைத்துப் படம் எடுத்தார். அதற்காக அசையாமல் இருந்தது 25 நிமிடம்!

அமெரிக்காவின் எட்மண்ட் கெல்ஸ் 1899-லேயே வேர்க்குழாயின் நீளத்தை அறிய எக்ஸ்ரேயைப் பயன்படுத்தினார். கதிர் சரியாக வருகிறதா என்று அந்தக் காலத்தில் சொந்தக் கையை நீட்டித்தான் சோதிப்பார்கள். அதன் விலை பயங்கரம். புற்றுநோயால் முதலில் விரல்கள், பிறகு கை என்று இழந்தார். 1928-ல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். இன்று சில நொடிகளில் எடுக்கும் படத்துக்குப் பின்னால் இப்படி ஒரு மனிதரும் இருக்கிறார்.

சாதாரண எக்ஸ்ரேயில் ஒரு குறை உண்டு. அது நிழல் படம். முன்னும் பின்னுமாக இரண்டு குழாய் இருந்தால் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து ஒன்றாகவே தெரியும். 1990-களின் இறுதியில் இத்தாலியிலும் ஜப்பானிலும் உருவான கூம்புக்கதிர் சி.டி. ஸ்கேன் இதற்கு விடை தந்தது. பல்லை முப்பரிமாணத்தில், எந்தத் திசையிலும் வெட்டிப் பார்ப்பது போலக் காட்டுகிறது.

இந்தக் கதையில் சென்னைக்கும் இடம் உண்டு. 2010-ல் பிரசன்னா நீலகண்டன் குழுவினர் இந்தியர்களின் மேல் கடைவாய்ப்பற்கள் 400-க்கும் மேற்பட்டவற்றை இந்த ஸ்கேனில் ஆராய்ந்தார்கள். தனித்தனியான மூன்று வேர்கள் கொண்டவையே அதிகம். ஆனால் குழாய்களின் அமைப்பு பல்லுக்குப் பல் மாறியது. சாயம் ஏற்றும் பழைய முறைக்கு இந்த ஸ்கேன் துல்லியத்தில் சளைத்ததல்ல என்றும் அவர்களது இன்னொரு ஆய்வு காட்டியது. 2011-ல் ஜோஜோ கோட்டூர், வேல்முருகன் ஆகியோர் இதே ஸ்கேனின் துணையோடு ஒரே கடைவாய்ப்பல்லில் 8 குழாய்களைக் கண்டு சிகிச்சை அளித்ததைப் பதிவு செய்தார்கள். வழக்கமாக இருப்பது மூன்று அல்லது நான்குதான்!

நம் ஊர்ப் பற்களைத் தனியாக ஆராய வேண்டுமா? வேண்டும். கீழ்க் கடைவாய்ப்பல்லில் மூன்றாவது வேர் ஐரோப்பியரிடம் அபூர்வம், சீனர்களிடமும் எஸ்கிமோக்களிடமும் அதிகம். 1971-ல் கிறிஸ்டி டர்னர் என்ற மானிடவியலாளர் இந்த வேரை வைத்தே அமெரிக்கப் பழங்குடியினர் எங்கிருந்து வந்தார்கள் என்று விவாதித்தார். ஒரு நாட்டுப் பல்லின் சராசரியை இன்னொரு நாட்டு வாய்க்கு அப்படியே பொருத்த முடியாது.

அதற்காக எல்லோரும் ஸ்கேன் எடுக்கத் தேவையில்லை. சிறிய எக்ஸ்ரேயைவிட இதில் கதிர்வீச்சு அதிகம். அவசியம் இருந்தால் மட்டுமே எடுக்க வேண்டும். கெல்ஸ் தன் கையைக் கொடுத்துக் கற்றுத் தந்த பாடம் அது.