விருப்ப ஓய்வு

ஓய்வு என்றதும் நரைத்த தலைதான் நம் நினைவுக்கு வரும். 2014இல் ஸ்ரீபெரும்புதூரில் அந்தச் சொல் இருபதுகளில் இருந்த பெண்களுக்கு வழங்கப்பட்டது.

நோக்கியா 2006இல் அங்கே கைப்பேசி உற்பத்தியைத் தொடங்கியது. சிறப்புப் பொருளாதார மண்டலம், அரசின் வரிச் சலுகைகள், சுற்றியுள்ள மாவட்டங்களிலிருந்து வந்த இளம் தொழிலாளர்கள். நேரடியாக வேலை செய்த சுமார் 8,000 பேரில் பெரும்பான்மையினர் பெண்கள். நுண்ணிய பாகங்களைப் பொருத்தப் பெண்களின் விரல்களே ஏற்றவை என்பது மின்னணு முதலாளிகளின் பழைய வாதம். கைத்திறன் என்று ஒப்புக்கொண்டால் அதற்குக் கூலி தர வேண்டும். பிறவிக் குணம் என்று சொல்லிவிட்டால் தர வேண்டியதில்லை.

ஐஃபோனும் ஆண்ட்ராய்டும் வந்தபின் நோக்கியா சரிந்தது. அதன் கைப்பேசிப் பிரிவை வாங்குவதாக 2013 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. ஆனால் மென்பொருளுக்காகத் தாய் நிறுவனத்துக்கு அனுப்பிய தொகைக்கு வரி பிடிக்கவில்லை என்று வருமான வரித்துறை தொடுத்த வழக்கில் இந்திய ஆலையின் சொத்துகள் முடக்கப்பட்டிருந்தன. ஆலையை மைக்ரோசாஃப்டுக்கு மாற்ற வேண்டுமானால் 3,500 கோடி ரூபாய்க்கு நோக்கியா உத்தரவாதம் தர வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 2014 ஏப்ரல் 25இல் விற்பனை முடிந்தபோது இந்த ஆலை அதில் சேர்க்கப்படவில்லை.

அதையொட்டி விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். எஞ்சியவர்கள் மைக்ரோசாஃப்டுக்காக ஒப்பந்த அடிப்படையில் கைப்பேசி செய்தார்கள். அந்த ஒப்பந்தத்தையும் மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொள்ள, நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது.

வரித் தகராறு அரசுக்கும் நிறுவனத்துக்கும் இடையிலானது. விலை பேசியவை இரு நிறுவனங்கள். இந்த மூன்று மேசைகளிலும் இடமில்லாத பெண்களிடம்தான் ‘விருப்பம்’ கேட்கப்பட்டது. மூடப்போகிற ஆலையில் இருப்பதா, கிடைக்கிற தொகையோடு வெளியேறுவதா என்பது விருப்பமல்ல, நெருக்கடி.

ஆணின் வேலை போனால் அது குடும்பத்தின் துயரம். பெண்ணின் வேலை போனால், ‘கல்யாண வயதுதானே’ என்று ஊர் ஆறுதல் சொல்கிறது. முதலாளி ‘விருப்பம்’ என்று எழுதியதை வீடு ‘இயல்பு’ என்று வழிமொழிகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பணிநீக்கம் காணாமல் போகிறது. சொந்தச் சம்பளம், தோழிகளோடு பகிர்ந்த வாடகை அறை, திருமணத்தைத் தள்ளிப்போடும் துணிவு ஆகியவை எந்த இழப்பீட்டுக் கணக்கிலும் ஏறுவதில்லை.

2019இல் அந்த ஆலையைச் சால்காம்ப் நிறுவனம் வாங்குவதாக அறிவிப்பு வந்தது. கட்டடத்துக்கு மறுவாழ்வு கிடைத்ததாக எழுதலாம். பெண்களின் வரலாற்றை எழுதும் நாம் அதற்கு முன்வரியாக எழுத வேண்டியது ஒன்றுண்டு: 2014இல் இங்கே யாரும் ஓய்வு பெறவில்லை, வேலையிழந்தார்கள்.