விமானியின் இடுப்பில் துப்பாக்கி: பாதுகாப்பா, புதிய ஆபத்தா?

2001 செப்டெம்பர் 11 அன்று அமெரிக்காவில் நான்கு பயணிகள் விமானங்களைக் கடத்திய 19 பேரும் சிறு கத்திகளைக் கொண்டே விமானியறைகளைக் கைப்பற்றினர். ஏறத்தாழ 3,000 பேர் கொல்லப்பட்டனர். விமானிகளுக்குத் துப்பாக்கி வழங்க வேண்டும் என்ற கோரிக்கை அதன் பின்னரே வலுப்பெற்றது.

கடத்தப்பட்ட விமானத்தை விமானப்படை சுட்டு வீழ்த்தக்கூடும் என்றால், அதற்கு முந்திய கடைசித் தடுப்பு விமானியிடமே இருக்க வேண்டும் என ஆதரவாளர்கள் வாதிட்டனர். விமானி விமானத்தைச் செலுத்துவதிலேயே கவனம் செலுத்த வேண்டும் என்று புஷ் நிர்வாகம் முதலில் மறுத்தது. எனினும் 2002 நவம்பரில் அது சட்டமாகியது. 2003 ஏப்ரலில் முதல் 44 விமானிகள் பயிற்சியை முடித்தனர். அதே ஆண்டின் இறுதியில் சரக்கு விமானிகளுக்கும் அனுமதி கிடைத்தது.

இவர்கள் சுயவிருப்பில் இணைபவர்கள். இப்பணிக்குத் தனிச் சம்பளம் இல்லை. இவர்களது அதிகாரம் விமானியறைக்குள் மட்டுமே. பயணிகள் பகுதியில் தாக்குதல் நடந்தாலும் துப்பாக்கியுடன் வெளியே வந்து தலையிடுவது இவர்களின் பணி அல்ல. எத்தனை பேர் ஆயுதம் வைத்திருக்கிறார்கள் என்பதும் பகிரங்கப்படுத்தப்படுவதில்லை.

2008 மார்ச் 22 அன்று, டென்வரிலிருந்து சார்லட் சென்ற யூ.எஸ். எயர்வேஸ் விமானத்தின் விமானியறையில் துப்பாக்கி தவறுதலாக வெடித்தது. ரவை விமானத்தின் உடற்பகுதியைத் துளைத்தது. எவருக்கும் காயமில்லை, விமானம் பத்திரமாகத் தரையிறங்கியது. ஒரு ரவைத் துளையால் விமானம் வெடித்துச் சிதறிவிடும் என்ற பரவலான நம்பிக்கை சரியல்ல. சிறு துளையால் வெளியேறும் காற்றை அழுத்தச் சீராக்கி ஈடுசெய்துவிடும். சக விமானியையோ கருவிகளையோ ரவை தாக்குவதே பெரிய ஆபத்து. விசை இருக்கும் இடத்தினூடாகப் பூட்டுப் போடும் வகையில் அமைந்திருந்த துப்பாக்கி உறையே பின்னர் விமர்சனத்துக்குள்ளானது.

தாக்குபவர் வெளியிலிருந்துதான் வருவார் என்ற எண்ணமும் 2015 மார்ச் 24 அன்று பொய்த்தது. ஜேர்மன்விங்ஸ் விமானத்தின் துணை விமானி, கப்டன் வெளியே சென்றதும் கதவைப் பூட்டிவிட்டு விமானத்தை அல்ப்ஸ் மலையில் மோதினார். 150 பேர் உயிரிழந்தனர். கடத்தல்காரரைத் தடுக்கப் பலப்படுத்திய கதவே அன்று கப்டனையும் தடுத்தது.

ஆகவே, துப்பாக்கி வேண்டுமா என்பது மட்டும் கேள்வி அல்ல. அதை வைத்திருப்பவரின் மனநலத்தை யார், எத்தனை காலத்துக்கு ஒருமுறை பரிசோதிக்கிறார்கள்? தவறு நடந்தால் யார் பொறுப்புக் கூறுவார்கள்? இவற்றுக்குப் பதில் இல்லாமல் கொடுக்கப்படும் ஆயுதம் பயணிகளுக்குப் பாதுகாப்பாகாது.