மாத்தளை மாவட்ட நீரேந்துப் பகுதிகளில் நைதரசன் ஓட்டம்

வளிமண்டல நைதரசன் மழை, உயிரினங்கள், உரம் ஆகிய வழிகளில் நிலத்தை அடைந்து, மண்ணில் உருமாறி, நீருடன் ஓடைகளைச் சேர்வது நைதரசன் வட்டத்தின் ஒரு பகுதியாகும். இலங்கையின் மத்திய மாகாணத்தைச் சேர்ந்த மாத்தளை மாவட்டத்தில் மலைக்காடு, தேயிலை, மிளகு, நெல், வெங்காயம் ஆகியன அடுத்தடுத்து அமைந்திருப்பதாலும், மகாவலித் திட்டம் வேற்று மாவட்டங்களின் நீரை இங்கு கொண்டுவருவதாலும், இந்த ஓட்டம் இங்கு சிக்கலான வடிவம் பெறுகிறது.

நிலத்தை அடையும் வழிகள்

காற்றின் கனவளவில் ஏறத்தாழ 78 சதவீதம் நைதரசனே ஆயினும், அதன் இரு அணுக்களும் வலிய மும்மைப் பிணைப்பால் இணைந்திருப்பதால் தாவரங்கள் அதை நேரடியாகப் பயன்படுத்த இயலாது. அப்பிணைப்பைப் பிரித்து, உயிர்கள் ஏற்கும் சேர்வையாக்குவது நைதரசன் பதித்தல் எனப்படும். மார்ச்–ஏப்ரல், ஒக்டோபர்–நவம்பர் மாதங்களின் இடைப்பருவ இடிமழையில் மின்னல் இதனைச் சிறிதளவு செய்கிறது. அவரையினத் தாவரங்களின் வேர்க் கணுக்களில் வாழும் பற்றீரியாக்கள் பெருமளவில் செய்கின்றன. தொழிற்சாலையில் பதிக்கப்பட்ட நைதரசன், எடையில் 46 சதவீத நைதரசனைக் கொண்ட யூரியா உரமாக வயல்களை அடைகிறது.

மண்ணில் நிகழும் மாற்றங்கள்

மாத்தளையின் மிளகுத் தோட்டங்களில் கொடி படர்வதற்கு நடப்படும் கிளிரிசிடியா ஓர் அவரையின மரமாகும். அதன் கிளைகளை வெட்டிக் கொடியின் அடியில் இடும்போது, இலைகள் உக்கி அமோனியம் வெளிப்படுகிறது. நேரேற்றமுடைய அமோனியம் களித் துணிக்கைகளில் ஒட்டிக்கொள்கிறது. பற்றீரியாக்கள் அதை நைத்திரேற்றாக மாற்றியதும், அவ்வெதிரேற்ற அயன் பெரும்பாலான மண்களில் பற்றுக்கோடின்றி நீருடன் கீழிறங்குகிறது. ஆகவே ஓடையில் நைத்திரேற்று மிகுவதும் குறைவதும், நிலத்தில் சேர்ந்த நைதரசனின் அளவை மட்டுமன்றி, வேர்கள் அதை எவ்வளவு விரைவாக உறிஞ்சின என்பதையும் பொறுத்தவை.

இதற்குத் தெளிவான சான்று அமெரிக்காவின் ஹப்பார்டு புரூக் ஆய்வாகும். அங்கு 1965ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு நீரேந்துப் பகுதியின் மரங்கள் முழுவதும் வெட்டப்பட்டு, மீள்வளர்ச்சியும் களைகொல்லியால் தடுக்கப்பட்டபோது, ஓடையின் நைத்திரேற்றுச் செறிவு பன்மடங்கு உயர்ந்தது. ஆகவே, 2010ஆம் ஆண்டு உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட மத்திய மலைநாட்டின் ஓர் அங்கமான நக்கிள்ஸ் காடுகளைக் காப்பது, அவற்றிலிருந்து ஊறும் ஓடைகளின் நீர்த்தரத்தைக் காப்பதுமாகும்.

ஒட்சிசன் அற்ற ஈரமண்ணில் வேறு பற்றீரியாக்கள் நைத்திரேற்றை மீண்டும் வாயுவாக்கிக் காற்றுக்கு அனுப்புகின்றன. இது நைதரசனிறக்கம் எனப்படும். நீர் தேங்கிய நெல்வயல்களும் ஓடைக்கரைச் சேற்று நிலங்களும் இதற்கு ஏற்ற இடங்கள். எனினும் இதன்போது ஓரளவு வெளியாகும் நைதரசு ஒட்சைட்டு, காபனீரொட்சைட்டைக் காட்டிலும் பன்மடங்கு வலிய பசுமையில்ல வாயுவாகும்.

ஓடைகளும் சுரங்கவழிகளும்

பொல்கொல்லையில் தடுக்கப்படும் மகாவலி நீர், 1976 முதல் ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளச் சுரங்கத்தின் வழியே உக்குவளை மின்நிலையத்தை அடைந்து சுது கங்கையில் விடப்படுகிறது. இதனால் கண்டி, நுவரெலியா மாவட்டங்களின் தோட்டங்களிலும் நகரங்களிலும் நீரில் கரையும் நைதரசனின் ஒரு பங்கு மாத்தளை ஆறுகளுக்குள் வருகிறது. போவத்தன்ன நீர்த்தேக்கத்தில் அந்நீர் பிரிந்து, ஒரு பகுதி அம்பன் கங்கை வழியே மொரகஹகந்தை நீர்த்தேக்கத்துக்கும், மற்றொரு பகுதி சுரங்கம் வழியே கலா ஓயா வடிநிலத்துக்கும் செல்கிறது. நீர்த்தேக்கங்களில் நைதரசனும் பொசுபரசும் மிகும்போது அல்காக்கள் பெருகி, அவை அழுகுகையில் நீரின் ஒட்சிசன் குறைகிறது.

வறண்ட வலயமான தம்புள்ளை, கலேவெல பகுதிகளில் பெரிய வெங்காயம் பயிரிடப்படுகிறது. இப்பயிரின் வேர்கள் ஆழமற்றவை ஆதலால், மிகையான உரமும் நீர்ப்பாசனமும் சேரும்போது நைத்திரேற்று வேர்களுக்கு எட்டாத ஆழத்துக்கு இறங்கிக் கிணற்று நீரை அடையலாம். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவாகும். புட்டிப்பால் அருந்தும் சிசுக்களின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழக்காதிருக்க இவ்வெல்லை இன்றியமையாதது.

முகாமைத்துவம்

2021ஆம் ஆண்டு இலங்கையில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, விளைச்சல் வீழ்ச்சிக்கிடையே அதே ஆண்டு நவம்பரில் தடை தளர்த்தப்பட்டமை, நைதரசன் இன்றியும் வேளாண்மை நிலைக்காது என்பதை உணர்த்தியது. யூரியாவைப் பயிரின் தேவைக்கேற்பப் பிரித்து இடுதல், பெருமழைக்கு முன் உரமிடாமை, சரிவுகளில் மூடுபயிர் வளர்த்தல், ஓடைக்கரை மரங்களைப் பேணல் ஆகியன இழப்பைக் குறைக்கும். மலைமுகடுகள் வகுத்த நீரேந்து எல்லைகளைச் சுரங்கங்கள் கடந்துவிட்டமையால், மாத்தளையின் நீர்த்தரத்தைக் காக்கும் பொறுப்பு மேல் மகாவலியின் தோட்டங்களையும் நகரங்களையும் சேர்ந்ததாகவே கொள்ளப்பட வேண்டும்.